அப்பா பேரில் நிற்கும் வண்டி

டீ சூடாக இருக்கிறது, ஆறட்டும். இது நிதானமாகப் பேச வேண்டிய விஷயம்.

ஒரு வீட்டில் சாவு விழுந்தால், அன்றிலிருந்து அந்த வீட்டு வண்டிக்கு ஓய்வே கிடையாது. வெளியூர்ச் சொந்தங்களை பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டிவர, மாலை வாங்க, சுடுகாட்டுக்கு ஓட, மறுநாள் பால் தெளிக்கப் போக, பதினாறாம் நாள் காரியத்துக்குச் சாமான் வாங்க என எல்லாவற்றுக்கும் மகனோ மருமகனோ ஆணியில் தொங்கும் அந்தச் சாவியைத்தான் எடுப்பார்கள். அதில் தவறேதும் இல்லை, சட்டமே அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் எத்தனை நாளைக்கு, எந்த நிபந்தனையோடு என்பதைத் துக்க வீட்டுக்கு வந்து யாரும் சொல்வதில்லை. ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து இன்சூரன்ஸ் புதுப்பிக்கப் போகும்போதோ, வண்டியை விற்கப் பேசும்போதோதான் ‘பேர் மாத்தலையா?’ என்ற கேள்வி வரும். அதைவிட மோசம், ஒரு விபத்துக்குப் பிறகு அந்தக் கேள்வி வருவது.

இந்தியா முழுவதற்கும் பொதுவான விதிதான் இது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவு, வண்டியின் பதிவு உரிமையாளர் இறந்துவிட்டால் அந்த வண்டி யார் கைக்கு வருகிறதோ அவர் தன் பேருக்கு மாற்றக் கோரி விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது. எப்படி, எப்போது என்பதை 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 56-ஆவது விதி சொல்கிறது. அதில் இரண்டு கெடு இருக்கிறது. இறந்த நாளிலிருந்து 30 நாளுக்குள், ‘இன்னார் இறந்துவிட்டார், வண்டி என்னிடம் இருக்கிறது, நான் தொடர்ந்து ஓட்டப் போகிறேன்’ என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அப்படித் தெரிவித்தவர், இறந்த நாள் தொடங்கி மூன்று மாதம் வரை, வண்டி தன் பேருக்கே மாறிவிட்டதுபோல ஓட்டலாம். அந்த மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்ற விண்ணப்பம் கொடுத்துவிட வேண்டும்.

விஷயம் தெரிந்தவர்கள்கூட ‘மூணு மாசம் டைம் இருக்கு’ என்று மட்டும்தான் சொல்வார்கள். அந்த மூன்று மாதச் சலுகையே 30 நாளுக்குள் போகும் ஒரு கடிதத்தைப் பொறுத்தது என்பது பலருக்கும் தெரியாது. பேர் மாற்றும் வேலையில் இந்தக் கடிதம்தான் முதல் வேலை. மற்ற காகிதங்கள் எல்லாம் வாரக்கணக்கில் இழுக்கும். இதற்கு அரை மணி நேரம் போதும்.

கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். வண்டி எண், ஆர்.சி.யில் உள்ளபடி உரிமையாளர் பெயர், இறந்த தேதி, அவர் உங்களுக்கு என்ன உறவு, வண்டி இப்போது யாரிடம் இருக்கிறது, அவர் அதைத் தொடர்ந்து பயன்படுத்த விரும்புகிறார் என்ற ஒரு வரி, கீழே முகவரியும் கையெழுத்தும். இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்திருந்தால் நகலை இணையுங்கள். வரவில்லையென்றால் ‘பிறகு தருகிறேன்’ என்று எழுதுங்கள், அதற்காகக் கடிதத்தைத் தள்ளிப்போடாதீர்கள். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். நேரில் போக முடியாதவர்கள், கொண்டு சேர்த்ததற்கான ஒப்புகை கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதை ஆர்.சி.யோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு யாராவது வண்டியை நிறுத்திக் கேட்டால் கையில் காட்ட அந்த ரசீது இருக்கும்.

எந்த அலுவலகத்துக்கு? அப்பா 20 வருடம் முன்பு வேறு ஊரில் பதிவு செய்த வண்டி, நீங்கள் இருப்பது இன்னோர் ஊர் என்றால் குழப்பம் வரும். வண்டியைப் பெறுபவரின் வீடோ தொழிலிடமோ எந்த அலுவலக எல்லைக்குள் இருக்கிறதோ, அங்கே விண்ணப்பிக்கச் சட்டம் வழி செய்கிறது. வண்டி வேறு மாநிலப் பதிவாக இருந்தால் மட்டும் படிவம் 28 மூலம் அந்த மாநில அலுவலகத்தின் தடையின்மைச் சான்று முதலில் வாங்க வேண்டியிருக்கும்.

அடுத்தது இறப்புச் சான்றிதழ். 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது பொதுவாக எல்லோருக்கும் தெரியும். மருத்துவமனையில் இறந்தால் அவர்களே தகவல் அனுப்பிவிடுவார்கள். வீட்டில் இறந்தால் நாம்தான் உள்ளாட்சி அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் விட்டுவிட்டால் அதிகாரியின் உத்தரவு பெற்றுத்தான் பதிய முடியும். இங்கே தமிழ்நாட்டுக்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய சிக்கல் நம் பெயர்கள். ஆர்.சி.யில் இனிஷியல் முன்னால் இருக்கும். ஆதாரில் அதே இனிஷியல் பின்னால் போயிருக்கும், அல்லது தாத்தா பெயர் முழுதாக விரிந்து நிற்கும். வாக்காளர் அட்டையில் ஓர் எழுத்து கூடியிருக்கும். மருத்துவமனைப் படிவத்தில் அந்தக் கலக்கமான நேரத்தில் யாரோ ஒரு சொந்தக்காரர் சொன்ன பெயர் ஏறியிருக்கும். வீட்டில் எல்லோருக்கும் அது ஒரே ஆள். கணினிக்கு நான்கு ஆள். ஆகவே சான்றிதழ் அச்சாகும் முன்பே, பதிவேட்டில் என்ன பெயர் ஏறியிருக்கிறது என்று ஒருவர் நிதானமாகப் பார்த்துவிடுவது நல்லது. குடும்பத்தில் அழாமல் நிற்கக்கூடிய ஓர் ஆள் எப்போதும் இருப்பார். அந்த வேலையை அவரிடம் கொடுங்கள். சான்றிதழ் வந்தபிறகு பெயரில் வேறுபாடு தெரிந்தால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரம் கேட்பார்கள். வண்டியோடு அது முடியாது, வங்கி, பட்டா, ஓய்வூதியம் என்று ஒவ்வோர் இடத்திலும் அதே கேள்வி வரும்.

வாரிசு சான்றிதழைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். 56-ஆவது விதி பெயர் சொல்லிக் கேட்பது இறப்புச் சான்றிதழ், ஆர்.சி., இன்சூரன்ஸ் ஆகியவற்றைத்தான். ஆனால் ‘இந்த வண்டி எனக்கு வர வேண்டியது’ என்பதை எப்படியாவது காட்டியாக வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் ஆர்.டி.ஓ. அலுவலகங்களில் வாரிசு சான்றிதழைக் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் இதை வழங்குவது வட்டாட்சியர். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்து வரும். இரண்டு மூன்று வாரத்தில் வந்தால் அதிர்ஷ்டம். மூன்று மாதக் கெடுவில் பெரும்பகுதியைத் தின்பது இதுதான் என்பதால், இறப்புச் சான்றிதழ் வந்த அன்றே இதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

சான்றிதழில் யார் யார் பெயர் வர வேண்டும்? பல வீடுகளில் மனைவி, மகன்கள் என்று எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். கட்டிக்கொடுத்த மகளை விட்டுவிடுவார்கள். இறந்தவரின் தாயை அடியோடு மறந்துவிடுவார்கள். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஓர் ஆண் உயில் எழுதாமல் இறந்தால் அவர் மனைவி, மகன்கள், மகள்கள், தாய் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள், சம பங்குக்காரர்கள். மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா இல்லையா என்ற கேள்வியே அங்கே இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பாட்டிக்கும், பேரன் ஓட்டும் வண்டியில் பங்கு உண்டு. முன்பே இறந்துபோன மகனோ மகளோ இருந்தால் அவர்களுடைய பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும். வண்டி ஒரு பெண்ணின் பேரில் இருந்தால் வரிசை வேறு: கணவர், மகன்கள், மகள்கள் முதலில் வருவார்கள். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. முஸ்லிம் குடும்பங்களில் மார்க்கச் சட்டப்படி மனைவிக்கும் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பங்கு.

இத்தனை பேருக்கும் பங்கு உண்டென்றாலும், குடும்பங்கள் வழக்கமாக ஒருவர் பேருக்கே வண்டியை மாற்றுகின்றன. அதனால் மற்ற எல்லா வாரிசுகளும் ‘இன்னார் பேருக்கு மாற்றுவதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை’ என்று எழுதி, நோட்டரி முன் கையெழுத்திட்டுத் தர வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் மகனோ மகளோ காரியத்துக்கு வந்திருக்கும்போதே இந்தக் கையெழுத்தை வாங்கிவிட்டால் பிறகு அலைச்சல் இல்லை. சாவு வீட்டில் இதை எப்படிக் கேட்பது என்று தயங்குவார்கள். பதினாறு முடிந்து எல்லோரும் கிளம்பும் முன், வீட்டுப் பெரியவர் ஒருவர் எல்லோரையும் உட்காரவைத்து வெளிப்படையாகச் சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பேசாமல் விட்டு, ஒரு வருடம் கழித்துக் காகிதத்தை நீட்டும்போதுதான் மனக்கசப்பு வருகிறது. உயில் இருந்து, அதில் வண்டி இன்னாருக்கு என்று எழுதியிருந்தால் அந்த நகலும் வேண்டும். வாரிசுகளுக்குள் ஒத்துவரவில்லை என்றால் ஆர்.டி.ஓ. அதைத் தீர்த்துவைக்க மாட்டார், சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

இனி படிவம். தகராறு வருவது இங்கேதான். படிவம் 29-உம் 30-உம் விற்பனைக்கு உரியவை. விற்பவர் உயிரோடு இருந்து கையெழுத்துப் போட வேண்டிய படிவங்கள் அவை. உரிமையாளர் இறந்தபின் பேர் மாற்றுவதற்கு உரியது படிவம் 31. ‘வாரிசு சர்டிபிகேட்டெல்லாம் எதுக்கு சார், அப்பா கையெழுத்தை நீங்களே போட்டுடுங்க, போன மாசத் தேதி போட்டு சேல் மாதிரி முடிச்சுடலாம்’ என்று ஒரு புரோக்கர் சொல்வார். துக்கத்திலும் அலைச்சலிலும் இருப்பவருக்கு அது பெரிய உதவியாகக்கூடத் தோன்றும். தயவுசெய்து அதற்கு உடன்படாதீர்கள். இறந்தவர் கையெழுத்தை இன்னொருவர் போடுவது கள்ளக் கையெழுத்து, குற்றவியல் சட்டத்தின்படி தண்டனைக்குரியது. மாட்டிக்கொள்ளப் போவது புரோக்கர் இல்லை, கையெழுத்துப் போட்டவர்தான். இறப்புச் சான்றிதழின் தேதியும் படிவத்தின் தேதியும் என்றைக்கும் பதிவில் இருக்கும். பத்து வருடம் கழித்து ஒரு சொத்துத் தகராறில் அண்ணன் தம்பியின் மேல் புகார் கொடுக்க அந்த ஒரு காகிதம் போதும்.

அதேபோல அப்பாவின் செல்போன் எண். அதை உடனே நிறுத்திவிட வேண்டாம். வண்டிக்கு அபராதம் விழுந்தால், ஃபாஸ்டேக்கில் பணம் கழிந்தால், இன்சூரன்ஸ் முடியப்போகிறது என்றால், தகவல் எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும். பேர் மாறும்வரை ரீசார்ஜ் செய்து வைத்திருங்கள். ஆனால் அவர் உயிரோடு இருப்பதுபோலக் காட்டிக்கொள்ள அந்த எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.யைப் பயன்படுத்தினால், அதுவும் கள்ளக் கையெழுத்தும் ஒன்றுதான்.

விண்ணப்பத்தைப் பரிவாகன் தளத்தில் பூர்த்தி செய்து, கட்டணம் கட்டி, அச்செடுத்த படிவத்தோடு காகிதங்களை அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். அசல் ஆர்.சி., இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஒப்புதல், நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று, உங்கள் ஆதாரும் முகவரிச் சான்றும், போட்டோ. ஆர்.சி. தொலைந்திருந்தால் நகல் ஆர்.சி.க்குப் படிவம் 26. பதிவான 15 ஆண்டு முடிந்துவிட்டிருந்தால் படிவம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்தால் 5 ஆண்டுக்குச் செல்லும். செலவைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். மத்திய விதிகளின்படி பேர் மாற்றக் கட்டணம் பதிவுக் கட்டணத்தில் பாதி, அதாவது இருசக்கர வாகனத்துக்கு 150 ரூபாய், சொந்த உபயோகக் காருக்கு 300 ரூபாய். ஸ்மார்ட் கார்டுக்கு 200 ரூபாயும் மாநிலச் சேவைக் கட்டணமும் தனி. இதற்கு ஆயிரக்கணக்கில் கேட்பவர்கள் உங்கள் அலைச்சலுக்குத்தான் விலை வைக்கிறார்கள்.

‘அப்பா பேர்லயே இருக்கட்டும்’ என்று சொல்லும் வீடுகளும் உண்டு. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒரு டிவிஎஸ் 50-ஐ வைத்துக்கொண்டு வியாபாரம் செய்து மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்த மனிதரின் பெயரை, அவர் போனவுடனேயே ஓர் அட்டையிலிருந்து எடுப்பது அவரை இன்னொரு முறை வழியனுப்புவதுபோல இருக்கும். அப்படித் தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்வேன். பேர் மாறினாலும் வண்டியின் எண் மாறாது. அவர் தேடி வாங்கிய அந்த நம்பர் அப்படியே இருக்கும். முந்தைய உரிமையாளர் விவரம் போக்குவரத்துத் துறையின் பதிவிலும் இருக்கும். மாறுவது இனிமேல் பொறுப்பு யாருடையது என்பது மட்டும்தான். அந்தப் பொறுப்பு என்ன என்பதைப் புரிந்துகொள்ள இன்சூரன்ஸுக்கு வர வேண்டும்.

‘வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கே’ என்று நிம்மதியாக இருப்போம். பாலிசி என்பது அதில் பெயர் உள்ளவரோடு நிறுவனம் செய்துகொண்ட ஒப்பந்தம். அவர் இறந்தவுடன் பாலிசி செத்துவிடாது. மோட்டார் பாலிசிகளின் பொது நிபந்தனையிலேயே இதைச் சொல்லியிருப்பார்கள்: இறந்த நாளிலிருந்து மூன்று மாதம் வரை, அல்லது பாலிசி முடியும் நாள் வரை, இரண்டில் எது முந்தியதோ அதுவரை அது செல்லும். அதற்குள் வாரிசு தன் பேருக்குப் பாலிசியை மாற்ற வேண்டும், அல்லது புதிதாக எடுக்க வேண்டும். ‘எது முந்தியதோ’ என்ற சொற்களைக் கவனியுங்கள். அப்பா இறந்த பத்தாவது நாள் பாலிசி முடிகிறது என்றால் உங்களுக்கு இருப்பது பத்து நாள்தான். அந்தப் பத்தாவது நாள் அவர் போனுக்குப் புதுப்பிக்கச் சொல்லி ஒரு லிங்க் வரும். மகன் பணம் கட்டிவிடுவான், அப்பா பேரிலேயே புதுப் பாலிசி வந்துவிடும். ஒரு வருடம் கவலையில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். உயிரோடு இல்லாத ஒருவர் பேரில் எடுத்த பாலிசி அது. பெரிய விபத்து நடந்து பணம் கேட்கும்போது நிறுவனம் முதலில் பிடித்துக்கொள்வது அதைத்தான்.

மூன்றாம் நபருக்கு அடிபட்டால் இழப்பீடு லட்சங்களில் போகும். மோட்டார் வாகனச் சட்டத்தில் ‘உரிமையாளர்’ என்பவர் யார் பேரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவர். 2018-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதை உறுதியாகச் சொன்னது. விற்று, பல கை மாறிப்போன ஒரு காரில் நடந்த விபத்துக்கு, ஆர்.சி.யில் இன்னும் பெயர் இருந்த முதல் ஆளே பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது. பதிவில் இருக்கும் பெயர் இறந்தவருடையதாக இருந்தால், வழக்கு ஓட்டியவரோடு நிற்காமல் அவர் விட்டுப்போன சொத்தின் மேலும், அதைப் பெற்ற வாரிசுகள் மேலும் திரும்பலாம். தம்பி ஓட்டிய வண்டிக்காக அம்மாவும் அக்காவும் தீர்ப்பாயத்தின் படி ஏற நேரலாம். இன்சூரன்ஸே இல்லாமல் ஓட்டினால், முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்பது தனிக் கதை.

ஓட்டுபவர் உயிருக்கும் இதில் பங்கு இருக்கிறது. பாலிசியோடு சேர்ந்து வரும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு, பதிவு உரிமையாளராக இருந்து, பாலிசியில் பெயர் இருந்து, செல்லும் லைசென்ஸும் வைத்திருப்பவருக்கு உரியது. அப்பா பேரில் இருக்கும் வண்டியை ஓட்டி மகன் விழுந்தால் அவன் குடும்பத்துக்கு அந்த 15 லட்சம் வராது. மாறாக, அப்பா அந்த வண்டியில் போய்க்கொண்டிருக்கும்போதே விபத்தில் இறந்திருந்தால், அந்தத் தொகை அவர் குடும்பத்துக்கு வர வேண்டியது. இப்படி ஒரு காப்பு இருப்பதே தெரியாமல் விட்டுவிடும் வீடுகள் உண்டு. பாலிசியை எடுத்து ‘உரிமையாளர் ஓட்டுநர் விபத்துக் காப்பு’ என்ற வரியைத் தேடிப் பாருங்கள்.

இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. தொடர்ந்து கிளைம் எடுக்காமல் இருந்தவருக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 முதல் 50 சதவீதம் வரை தள்ளுபடி சேர்ந்திருக்கும். வண்டியை விற்றால் அது வாங்கியவருக்குப் போகாது. ஆனால் உரிமையாளர் இறந்து, வண்டி அவர் மனைவிக்கோ கணவருக்கோ பிள்ளைக்கோ பெற்றோருக்கோ வந்தால் அந்தத் தள்ளுபடியும் கூடவே வரும். அப்பா கவனமாக ஓட்டிச் சேர்த்துவைத்தது அது. கேட்டு வாங்குங்கள்.

கடனில் வாங்கிய வண்டியா? ஆர்.சி.யில் வங்கியின் பெயரும் இருக்கும், அவர்கள் சம்மதம் இல்லாமல் பேர் மாறாது. கடனை அடைத்து, படிவம் 35-இலும் தடையின்மைச் சான்றிலும் கையெழுத்து வாங்கலாம். அல்லது கடனை உங்கள் பேருக்கு மாற்றிக்கொண்டு தொடரலாம். அதற்கு முன் கடன் ஒப்பந்தத்தை ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். கடன் வாங்கும்போதே அவர் பேரில் ஒரு காப்பீட்டைச் சேர்த்து, பிரீமியத்தையும் கடனிலேயே கழித்திருக்கக்கூடும். இருந்தால் மீதிக் கடனை அந்தக் காப்பீடே அடைக்கும். டியூ கேட்டு வீட்டு வாசலுக்கு வருபவர் அதை நினைவூட்டுவார் என்று எதிர்பார்க்க முடியாது. ஜாமீன் போடாத வாரிசின் பொறுப்பு, இறந்தவரிடமிருந்து தனக்கு வந்த சொத்தின் மதிப்பு வரைதான். சொந்தச் சம்பளத்திலிருந்து கட்டியே ஆக வேண்டும் என்று யாரும் மிரட்ட முடியாது.

ஆட்டோ, டாக்ஸி, லாரி வைத்திருந்தவர் இறந்தால், ஆர்.சி.யோடு பர்மிட்டையும் மாற்ற வேண்டும். சட்டத்தின் 82-ஆவது பிரிவிலும் அதே கணக்குதான்: பர்மிட் வழங்கிய அதிகாரிக்கு 30 நாளுக்குள் தெரிவித்தால், பர்மிட்டின் காலம் முடியாதவரை மூன்று மாதம் ஓட்டலாம், அதற்குள் பர்மிட்டைத் தன் பேருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். வீட்டுக்கு வருமானமே அந்த ஆட்டோதான் என்னும்போது, அடுத்த வாரமே ஒரு டிரைவரைப் போட்டு ஓட்டச் சொல்வார்கள், அதில் தவறில்லை. ஆனால் அந்தக் கடிதம் போகாமல் ஓடினால் பர்மிட் இல்லாத ஓட்டம் ஆகிவிடும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் கையை விரிக்க அது போதும். கணவரை இழந்த பெண்ணுக்கு இதை முதல் வாரத்திலேயே எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் அதே ஸ்டாண்டில் நிற்கும் மற்ற ஆட்டோக்காரர்கள். பல ஸ்டாண்டுகளில் காரியச் செலவுக்குப் பணம் பிரித்துக் கொடுக்கிறார்கள். அந்தப் பணத்தோடு இந்தக் கடிதத்தையும் எழுதிக் கொடுத்தால் அந்த ஆட்டோ நிற்காது.

வண்டி வேண்டாம், விற்றுவிடலாம் என்றாலும் முதலில் வாரிசு பேருக்கு மாற்றி, அவர் விற்பவராகக் கையெழுத்திட்டுப் படிவம் 29, 30 கொடுப்பதுதான் நேர்வழி. பழைய ஃபாஸ்டேக்கை மூடி மீதிப் பணத்தை வாங்கிவிட்டு, புது ஆர்.சி. வந்ததும் புது டேக் எடுங்கள். நிலுவை அபராதம் இருந்தால் விண்ணப்பத்துக்கு முன்பே கட்டிவிடுங்கள்.

கெடு தாண்டிவிட்டதே என்று கவலைப்படுபவர்கள் இருப்பார்கள். அப்பா போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது என்றாலும் வண்டியை யாரும் பிடுங்கிக்கொள்ள மாட்டார்கள். தாமதத்துக்கு ஒரு தொகை கட்டச் சொல்லலாம், ஏன் தாமதம் என்று எழுதிக் கேட்கலாம். ஆனால் பேர் மாறும்வரை அந்த வண்டியை ரோட்டுக்கு எடுக்காதீர்கள். முதலில் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு உண்மையைச் சொல்லிப் பாலிசியைச் சரிசெய்யுங்கள், பிறகு படிவம் 31.

இந்த அலைச்சலில் பாதியை உயிரோடு இருக்கும்போதே குறைத்துவிட முடியும். 2021 ஏப்ரல் 30-ஆம் தேதி வந்த திருத்தத்தின்படி, வண்டியைப் பதிவு செய்யும்போதே ஆர்.சி.யில் ஒரு நாமினி பெயரைச் சேர்க்கலாம். பழைய வண்டிக்கும் பிறகு ஆன்லைனில் சேர்த்துக்கொள்ளலாம். மணவிலக்கு, பாகப்பிரிவினை போன்ற மாற்றங்கள் வந்தால் நாமினியை மாற்றவும் வழி உண்டு. நாமினி இருந்தால் அவர் இறப்புச் சான்றிதழைத் தளத்தில் ஏற்றித் தன் பேருக்கு ஆர்.சி. கேட்கலாம். 30 நாளுக்குள் தெரிவிப்பது அவருக்கும் பொருந்தும். நாமினி ஆனதாலேயே மற்ற வாரிசுகளின் பங்கு போய்விடும் என்று நினைக்க வேண்டாம். கம்பெனிப் பங்குகள் பற்றிய வழக்கில் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நாமினி என்பதால் ஒருவர் வாரிசுரிமையைத் தாண்டிய முழு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்று சொல்லியிருக்கிறது. வண்டிக்கும் அந்த நியாயமே பொருந்தும் என்பது என் எண்ணம். ஆனால் ஆர்.டி.ஓ. வாசலில் நிற்கும் நேரம் நிச்சயம் குறையும்.

உங்கள் பேரில் வண்டி இருந்தால் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். நாமினி இல்லையென்றால் இந்த வாரமே சேர்த்துவிடுங்கள். இன்சூரன்ஸ் பாலிசி எங்கே இருக்கிறது, கடனுக்குக் காப்பீடு எடுத்திருக்கிறீர்களா என்பதை வீட்டில் இன்னொருவருக்குச் சொல்லிவையுங்கள். தெரிந்த வீட்டில் துக்கம் விசாரிக்கப் போனால், கிளம்பும்போது அந்த வீட்டுப் பையனைத் தனியாகக் கூப்பிட்டு, 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்கு ஒரு கடிதம் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு வாருங்கள். முடிந்தால் நீங்களே எழுதிக் கொடுங்கள்.